ஜாடியில் நின்ற ஆட்டுத்தீவுப் பூ

அன்று காலை அந்தப் பயாவில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தர் கோயிலை ரங்கூனில் நாங்கள் பயா என்போம்.

ஸயாமா டோ மியா இருந்தார். காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஸயாமா என்றால் டீச்சர்.

என் வீட்டுக்காரர் மாணிக்கம் இருந்தார். அலோன் துறையில் மூட்டை தூக்கியவர்.

லத்தா பேட்டையில் கருவாட்டுக் கடை வைத்திருந்த காதர் நானா இருந்தார். உள்ளே வரவில்லை. வாசல் படிக்கு வெளியே குடையோடு நின்றார்.

மா தின் இருந்தாள். எங்கள் பக்கத்து வீடு. அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். அழுதுகொண்டிருந்தாள்.

பயாவைப் பெருக்கும் பெரியவர் இருந்தார்.

நான் இருந்தேன்.

எங்களுக்கு எதிரே புத்தர். அவர் முன்னால் ஒரு கண்ணாடி ஜாடி. ஜாடியில் வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். எங்களுக்குத் தெரிந்து அந்த ஜாதிச் செடி இரண்டுதான் மிச்சம் இருந்தது. ஒன்றின் பூ முழுவதும் அந்த ஜாடிக்குள் நின்றது.

ஜாடித் தண்ணீர் தெளிவாக இருந்தது. காம்பெல்லாம் ஒரே நீளம். மா தின் இதையெல்லாம் சுத்தமாகத்தான் செய்வாள்.

பால் டப்பாவில் வந்த குச்சி

போன வாரம் இந்தப் பத்தியில் அலோன் துறைக் கூலி பற்றி எழுதினேன். இந்தச் செடியும் அந்தத் துறையில்தான் வந்து இறங்கியது.

வருஷம் சரியாக நினைவில்லை. ஊரில் கலவரம் அடங்கி, கடைகள் பாதிக் கதவு திறந்து வியாபாரம் பண்ணிய காலம். கோ துன் என்று ஒரு படகுக்காரர் இருந்தார். தெற்குக் கடலிலிருந்து கருவாடு ஏற்றி வருவார். அவர் சரக்கை என் வீட்டுக்காரர்தான் இறக்குவார்.

ஒரு நாள் கோ துன் பால் டப்பாவில் ஒரு குச்சியை நட்டுக் கொண்டுவந்தார். அவர் பேசியது பர்மியத்தில். இந்தக் கதையில் பாதிப் பேர் பேசியது பர்மியம்தான். நான் எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

“உன் வீட்டம்மா தோட்டம் வச்சிருக்குதாமே. இந்தா, கொண்டுபோய்க் குடு. எங்கயும் பாத்திருக்காது.”

“எங்க பிடுங்கின?”

“ஒரு தீவு. வெறும் பாறை. மீன் பிடிக்கப் போனவங்க எப்பவோ ஆடு விட்டுட்டு வந்துட்டாங்க. இப்ப அங்க ஆடுதான் ராஜா. இது ஆடு ஏறாத பள்ளத்துல நின்னுச்சு.”

அந்தத் தீவுக்குச் சரியான பெயர் இருக்கும். எங்களுக்கு அது ஆட்டுத்தீவு. பூ ஆட்டுத்தீவுப் பூ.

ஒரு சாண் குச்சி. இலை தடிப்பு. அடிப்பக்கம் வெள்ளை ரோமம், பூனைக் காது மாதிரி. கசக்கினால் கற்பூரமும் மாங்காய்ப் பாலும் கலந்த வாசனை.

நல்ல தொட்டியில் வைத்தேன். சாணி போட்டேன். தினம் தண்ணீர் விட்டேன். இலை கறுத்தது. எங்கள் ஊர் மழை தெரியும்தானே. வைகாசியில் பிடித்தால் ஐப்பசிவரை விடாது. செடி குனிந்துவிட்டது.

“செத்தது செத்துப்போச்சு. தொட்டி வேணும்ல?” என்றார் என் வீட்டுக்காரர். வேரோடு எடுத்து, தகரத் தாழ்வாரத்துக்கு அடியில் உடைந்த செங்கல் குவியல்மேல் வீசினார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் செங்கல் இடுக்கில் நிமிர்ந்து நிற்கிறது. புது இலை.

அதற்குப் பட்டினிதான் பிடித்தது. அப்புறம் நான் அதைக் கவனிக்கவே இல்லை. இடுப்பு உயரம் வளர்ந்தது.

கை அரிக்கும் தொழில்

எங்கள் தோட்டம் அலோனில், கிடங்குகளுக்குப் பின்னால். ஆறு ஏறி வரும்போது வாய்க்காலில் உப்பு வாசனை அடிக்கும். ரோஜா, மல்லி, சாமந்தி போட்டிருந்தோம். பயா வாசல் கடைகளுக்குப் போகும். மாரியம்மன் கோயிலுக்கும் போகும்.

பூத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும். மொட்டுப் பாதி விரியும்போதே கிள்ள வேண்டும். விரிந்த பூ செடியில் நின்றால் போகிறவர் வருகிறவர் கேட்பார்கள்.

“ஏம்மா, வீட்ல எல்லாருக்கும் கை ஒடிஞ்சு போச்சா?”

அதனால் செடியில் பூவைப் பார்த்தாலே கை அரிக்கும். ஆட்டுத்தீவுச் செடி கார்த்திகையில் பூக்கும். மற்றதைப் போலவே அதையும் கிள்ளினோம். இன்னும் செடி வேண்டும் என்றால் கிளையை ஒடித்து மணலில் ஊன்றினோம். விதை என்று ஒன்று இருக்கிறதே, அது எங்கள் நினைப்பிலேயே வரவில்லை. ரோஜாவுக்கு விதை பார்த்தோமா? மல்லிக்குப் பார்த்தோமா?

எங்கள் தோட்டத்தில் பூப் பறித்தவள் மா தின். கல்யாணமாகி, அவள் புருஷன் கப்பல் வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் எங்களோடுதான். தமிழ் முழுதும் புரியும். பேசினால் முன்னும் பின்னும் வரும். கூடையை இடுப்பில் வைத்தால் செடிக்கு வலிக்காமல் பறிப்பாள். காம்பு கிழியாது. அந்த விரல் எனக்குக் கிடையாது.

இப்படியே வருஷங்கள் போயின. ஆட்டுத்தீவுச் செடியும் ஒன்று பத்தாகி, பத்து நாற்பதாகி, தாழ்வாரம் நீளத்துக்கு நின்றது.

“இது சாமந்தி”

ஸயாமா ரோஜாச் செடி வாங்க வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை. விலை கேட்டுக்கொண்டே நடந்தவர் தாழ்வாரத்தில் நின்றுவிட்டார். பெண்கள் கட்டும் நல்ல பர்மா லுங்கியோடு மண்ணில் உட்கார்ந்தார். பையிலிருந்து சின்ன லென்ஸ் எடுத்தார்.

“மா ராக்கு, இது எங்க கிடைச்சுது?”

என் பெயர் ராக்கம்மா. அவர் வாயில் ராக்கு. பெண்ணுக்கு மா, ஆணுக்கு கோ, பர்மிய மரியாதை.

சொன்னேன். அவர் பூவைப் பிய்த்து, இதழை உரித்து, வெகுநேரம் பார்த்தார்.

“இது சாமந்தி.”

நான் சிரித்துவிட்டேன். “சாமந்திக்கு ஏது ஸயாமா கட்டை? இதை வெட்டினா அடுப்பெரிக்கலாம்.”

“சாமந்திக் குடும்பம். எவ்வளவோ காலத்துக்கு முன்னால ஒரு விதை காத்துல போய் அந்தத் தீவுல விழுந்திருக்கும். அங்க மரம் கிடையாது. மரம் இல்லாத இடத்துல பூண்டு மெல்ல மெல்ல மரமாயிடும்.”

“பெரியவங்க இல்லாத வீட்ல சின்னவன் நாட்டாமை பண்றாப்புல” என்றார் என் வீட்டுக்காரர்.

“அதேதான் கோ மாணிக்கம்.”

ஸயாமா கேட்டுக்கொண்டதால் கோ துன் மறுபடி அந்தத் தீவுக்குப் போனார். இன்னொரு நடையில் இன்னொரு தரமும் போனார். திரும்பி வந்து துறையில் கயிறு கட்டிக்கொண்டே சொன்னார்.

“ஒண்ணும் இல்ல. பள்ளத்துலயும் ஆடு இறங்கிடுச்சு. பாறைய நக்கிக்கிட்டு நிக்குதுங்க.”

ஸயாமா அன்றைக்கு எங்கள் வீட்டில் தேநீர் குடிக்காமல் போனார்.

பங்காளி வீடு

“விதை எப்படி இருக்கும்?” என்று கேட்டார் ஸயாமா.

“பாத்ததே இல்ல.”

“பூவை விடு. கிள்ளாத. காயட்டும்.”

விட்டோம். அந்தக் கார்த்திகை முழுவதும் தாழ்வாரம் வெள்ளையாக நின்றது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வேலியோரம் வந்து சிரித்தார்கள். மா தின் கையைக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

பூ காய்ந்து, பஞ்சு வைத்து, ஊதினால் பறக்கிற மாதிரி ஆனது. ஸயாமா வெள்ளைத் துணியில் கொட்டி, ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்தினார். எல்லாம் சப்பை. உமி. உள்ளே ஒன்றும் இல்லை.

“நீ வச்சிருக்கிறது நாப்பது செடி இல்ல, மா ராக்கு” என்றார். “ஒரே செடிதான். அதுவே நாப்பது இடத்துல நிக்குது. இந்த வகையெல்லாம் தன் மகரந்தத் தூளையே வாங்கி விதை கட்டாது. வேற செடியோட தூள் வேணும்.”

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“அட, பங்காளிக்குள்ள பொண்ணு எடுக்க முடியுமா? இதுக்கு ஒரு மாமன் வீடு வேணும். அவ்வளவுதான?”

ஸயாமாவுக்கு மாமன் வீடு என்றால் என்ன என்று விளக்க அரை மணி நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் தலையாட்டினார். சிரிக்கவில்லை. “மாமன் வீட்டைத்தான் ஆடு தின்னுடுச்சே.”

கிளை ஊன்றி ஊன்றி எத்தனை நாள் ஓட்டுவது? புதுசாக ஊன்றிய கிளையில் பாதி வேர் விடவில்லை. மிச்சம் சவலையாக நின்றது. தாய்ச்செடி கிழடாகிவிட்டது. இது போனால் அந்த ஜாதியே போச்சு. இவ்வளவுதான் விஷயம்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் நெற்றியைத் தட்டினார்.

“ஏ புள்ள, கோ துன் நானாவுக்கும் ஒண்ணு குடுத்தான்ல?”

துணி காயும் செடி

காதர் நானாவுக்குப் பூர்வீகம் நாகூர்ப் பக்கம். நானா என்றால் அங்கே அண்ணன். அவர் தாத்தா காலத்தில் வந்தவர்கள். லத்தாவில் சீனத்தெருச் சந்தையை ஒட்டி அவர் கடை. கோ துன் கருவாடு அங்கேதான் போகும்.

“குச்சியா? என்னா குச்சி?” என்றார் நானா.

“கோ துன் குடுத்தது. வெள்ளப்பூ.”

“ஓ, அதுவா! அது மொட்ட மாடியில நிக்குது. எங்க வீட்ல அதுலதான் துணி காயப்போடுறா.”

ஆறு மாடி ஏறினோம். ஸயாமா ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். மேலே தண்ணீர் டாங்க் பக்கத்தில் உடைந்த சிமெண்டுத் தொட்டி. அதில் என் தோள் உயரத்துக்குச் செடி. இடுப்பில் நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனை சுவரில் கம்பியில். நடுவில் நானாவின் கைலியும் இரண்டு தலையணை உறையும்.

ஸயாமா கயிற்று முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

“கயித்த அவுக்கலாமா?” என்று நான் நானாவின் வீட்டம்மாவைக் கேட்டேன்.

“ஏன் அவுக்கணும்? கயிறு கட்டினதாலதான் அது நேரா நிக்கிது. அவுத்தா சாஞ்சிடும்.”

அவர் சொன்னால் நானாவே மறுத்துப் பேச மாட்டார். நாங்களும் கயிற்றை விட்டுவிட்டோம்.

ஸயாமா இலையைப் பார்த்தார். எங்கள் செடி இலை ஓரம் வழவழப்பு. இது ஓரத்தில் ரம்பம் மாதிரி பல். கோ துன் அடுத்த நடையில் வந்தபோது கேட்டோம். நானாவுக்குக் கொடுத்தது தீவின் அந்தப் பக்கத்துச் செடி என்றார். முதல் நடையில் எடுத்தது.

“மாமன் வீடு” என்றார் ஸயாமா, தமிழிலேயே.

நானா கடகடவென்று சிரித்தார். “அப்ப மாப்பிள்ள வீடு நாங்களா, பொண்ணு வீடா? பொண்ணு வீடுன்னா பிரியாணிச் செலவு உங்களுது, மாணிக்கம்!”

அந்த வருஷம் பூக்காலம் முடிந்திருந்தது. அடுத்த கார்த்திகையில் தூள் மாற்றலாம் என்று முடிவு செய்தோம்.

அதற்குள் காற்று வந்தது.

காற்று

அந்தப் புயலின் பெயர் எல்லாருக்கும் தெரியும். நான் எழுதவில்லை.

விடிந்தபோது எங்கள் தாழ்வாரத் தகரம் இல்லை. வேலியோரத்துத் தூங்குமூஞ்சி மரம் பாத்திமேல் படுத்திருந்தது. அது எங்கள் அப்பா காலத்து மரம். அதற்கு அடியில் ஆட்டுத்தீவுச் செடி எல்லாம். மரத்துக்குத் தப்பியது தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிய நாளானது. ஒவ்வொன்றாக அழுகியது. கேட்டவர்களுக்குக் கொடுத்த செடிகளையும் போய் விசாரித்தேன். எதுவும் இல்லை.

தாய்ச்செடி மட்டும் செங்கல் குவியல்மேல் பாதி வேர் தெரியச் சாய்ந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் உடைந்த துடுப்பு ஒன்றை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்.

டெல்டாவில் ஊர் ஊராக அழிந்துபோனது. மா தின்னுடைய அண்ணன் அங்கே நெல் அறுக்கப் போயிருந்தார். திரும்பவில்லை. அவள் துறைக்குப் போவாள், வருகிற படகுகளைப் பார்ப்பாள், வந்து பூக்கூடையை எடுப்பாள். அப்படி இருக்கும்போது செடி போச்சே என்று யாரிடம் சொல்வது? நான் சொல்லவில்லை.

சாலை திறந்ததும் லத்தாவுக்குப் போனேன். நானா கடை வாசலில் ஈரக் கருவாட்டை உதறிக்கொண்டிருந்தார்.

“டாங்க் பறந்து போயிடிச்சு தங்கச்சி. எதிர் வீட்டு மாடியில கெடக்குது.”

“செடி?”

“நிக்குது. கயிறுல்ல புடிச்சிக்கிடுச்சு.”

உள்ளிருந்து அவர் வீட்டம்மா குரல் வந்தது. “நான் அப்பவே சொல்லல?”

பௌர்ணமி

தாய்ச்செடியில் ஒரு பக்கம் காய்ந்துகொண்டே வந்தது. மறுபக்கம் கார்த்திகையில் பூத்தது. அதுவரை அப்படிப் பூத்ததில்லை. சாகப்போகிற செடி அப்படித்தான், இருப்பதையெல்லாம் போட்டுவிடும். பூத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும்.

“இதோட சரிங்க” என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “தை பாக்காது.”

மா தின் அப்போது கிணற்றடியில் இருந்தாள்.

நானா மாடியிலும் பூ வந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். பௌர்ணமியன்று காலை ஸயாமா வருவதாக ஏற்பாடு. நானா சீனத்தெருவில் எழுத்து எழுதுகிற தூரிகை ஒன்று வாங்கி, அவரே கொண்டுவருவதாகச் சொன்னார். பூங்கொத்தை ஒடித்து லத்தாவுக்குக் கொண்டுபோவது, அங்கே தூள் மாற்றுவது. மா தின்னிடம் முன்னாடியே சொல்லியிருந்தேன், அந்தச் செடி பக்கம் போகாதே என்று.

அந்தப் பௌர்ணமி எங்களுக்கும் விளக்கு, பர்மாக்காரர்களுக்கும் விளக்கு. அன்றைக்குப் பூவுக்கு அவ்வளவு கிராக்கி. நான் இருட்டிலேயே சந்தைக்குப் போய்விட்டு வெளுத்தபின் வந்தேன். ஸயாமாவும் நானாவும் வந்து வாசலில் நிற்கிறார்கள். நானா புதுச் சட்டை, அத்தர் வாசனை.

“கல்யாணத்துக்கு வந்திருக்கேன். பொண்ணு எங்க?”

தாழ்வாரத்துக்குப் போனேன். செடியில் ஒரு பூ இல்லை. மொட்டு இல்லை. சுத்தமாகக் கிள்ளியிருந்தது. காம்பு கிழியாமல்.

மா தின் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கேட்பதற்கு முன்னாடியே எழுந்து நின்றாள்.

“அக்கா, அது சாகும்னு நீங்க மாணிக்கம் அண்ணன்கிட்ட சொல்லுச்சு. நான் கேட்டுச்சு.”

“அதுக்கு?”

“அதான் அதோட பூவே எடுத்து பயாவுக்கு வச்சேன். எல்லாம் வச்சேன். குதோ கிடைக்கும்ல அதுக்கு? பொழைக்கட்டும்னு வேண்டுனேன். எனக்குன்னு ஒண்ணும் வேண்டல அக்கா.”

குதோ என்றால் புண்ணியம்.

திட்டத்தான் நினைத்தேன். அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தவள் ஒரு செடிக்காக மண்டி போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

“எந்த பயா?” என்று மட்டும் கேட்டேன்.

தேனீ

இப்படித்தான் நாங்கள் அங்கே போய் நின்றது. தெருக்கோடியில் இருக்கிற சின்ன பயா. கூரையில் காற்று பெயர்த்த ஓட்டுக்குப் பதில் நீலத் தார்ப்பாய்.

ஸயாமா கும்பிட்டுவிட்டு ஜாடியைப் பார்த்தபடியே இருந்தார்.

“பூ நல்லா இருக்கு ஸயாமா” என்றார் என் வீட்டுக்காரர் மெதுவாக. “தூள் உதிரல. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிடுங்க.”

“வச்சது வச்சதுதான். அது இப்ப நம்மளுது இல்ல.”

“ஒண்ணுதான?”

“ஒண்ணு எடுத்தாலும் திருட்டு, கூடை எடுத்தாலும் திருட்டு, கோ மாணிக்கம்.”

வாசலிலிருந்து நானா குரல் கொடுத்தார். “நான் வேணா எடுத்துத் தரவா? நமக்கு அந்தப் பாவம் ஒட்டாதே.”

“நீங்க எடுத்தா, வாங்கினவ நான் ஆயிடுவேன்.”

மா தின் அழுகை கூடியது. “நான் திருப்பிக் கேட்டா? நான்தான வச்சேன்?”

“குடுத்ததைத் திருப்பிக் கேப்பாங்களா?” என்றார் ஸயாமா. கோபம் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

எனக்கு வெறும் கையோடு திரும்பிவிடலாம் என்று தோன்றியது. ஒரு செடி. எத்தனையோ போய்விட்டது. இதுவும் போகட்டும். ஆனால் ஸயாமா எழுந்திருக்கவில்லை. நானாவின் கையில் தூரிகை அப்படியே இருந்தது.

பெரியவர் பெருக்கிக்கொண்டே வந்தார். ஜாடி அருகே வந்ததும் துடைப்பத்தை நிறுத்தினார். என்ன விஷயம் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சொன்னார். தீவு, ஆடு, மாமன் வீடு எல்லாம் சொன்னார். பெரியவர் முழுவதும் கேட்டார்.

பூமேல் ஒரு சின்னத் தேனீ உட்கார்ந்திருந்தது. மஞ்சளில் புரண்டு, அடுத்த பூவுக்குப் போனது.

“இது காலையிலேருந்து வந்து வந்து போகுது” என்றார் பெரியவர். “நான் விரட்டல. அது பூவை எடுக்கலையே.”

அவ்வளவுதான் சொன்னார். ஸயாமா அவரைப் பார்த்தார். தேனீயைப் பார்த்தார்.

“தூள் காலுல ஒட்டிக்குது. அதோட போயிடுது” என்றார் பெரியவர்.

வாசலில் நானா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. படிவரை வந்து தூரிகையை நீட்டினார்.

“ஸயாமா, தேனீக்கும் காலுல செருப்பு இல்ல, உங்களுக்கும் இல்ல. போங்க.”

மா தின் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

ஸயாமா மூன்று தரம் தரையில் நெற்றி வைத்துக் கும்பிட்டார். முழங்காலிலேயே முன்னால் போனார். பூவைக் கையால் தொடவில்லை. தூரிகையின் நுனியை மஞ்சளில் வைத்துச் சுழற்றினார். பிறகு ஃபிலிம் டப்பா ஒன்றில் தட்டினார். அடுத்த பூ. அடுத்த பூ. பெரியவர் ஜாடியைத் தொடவில்லை. ஸயாமா கைக்குச் சூடு படாமல் விளக்கை மட்டும் தள்ளி வைத்தார்.

டப்பா அடியில் மஞ்சள் தெரிந்தது. ஒரு சிட்டிகை இருக்கும். மூடினார்.

பூ எல்லாம் ஜாடியிலேயே இருந்தது.

மாடியில்

நானாவும் ஸயாமாவும் சைக்காவில் போனார்கள். சைக்கா என்பது பக்கவாட்டில் ஆள் உட்காரும் சைக்கிள். நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனோம்.

மாடியில் வெயில் ஏறிவிட்டது. நானாவின் வீட்டம்மா அன்றைக்குத் துணி காயப்போடவில்லை. கயிறு மட்டும் இருந்தது. ஒரு தட்டில் சர்க்கரையும் எல்லாருக்கும் தேநீரும் வைத்திருந்தார்.

ஸயாமா டப்பாவைத் திறந்தார். ஆறு மாடி ஏறியதில் கை நடுங்கியது. தூரிகை நுனி ஆடியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மா தின்னைக் கூப்பிட்டார்.

“உன் விரல்தான் சரி. வா.”

“நான் செய்யுறதா? வேணாம் ஸயாமா, நான்தான் கெடுத்துச்சு.”

“நீ வச்ச பூ. நீயே செய்.”

அவள் செய்தாள். பறிக்கிற மாதிரியே, காற்றுப் படாத மாதிரி. ஒவ்வொரு பூவின் மஞ்சளிலும் தூரிகையை வைத்து எடுத்தாள். வெளிவட்டம் முதலில், மறுநாள் உள்வட்டம், அதற்கு மறுநாள் நடு. ஸயாமா சொன்னபடி. டப்பாவை நானா வீட்டு ஐஸ் பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தோம். தூள் தீரும்வரை மா தின் தினம் ஏறி இறங்கினாள். பிறகு பூவுக்கெல்லாம் கொசுவலைத் துணியில் பை தைத்துக் கட்டினோம்.

“பொண்ணுக்கு முக்காடு போட்டாச்சு” என்றார் நானா. அவர் வீட்டம்மா அவரைக் கீழே கடைக்கு விரட்டினார்.

தை பிறக்குமுன் எங்கள் தாய்ச்செடி காய்ந்துவிட்டது. மா தின் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

“பொழைக்கலையே அக்கா. பயா கேக்கல.”

“இரு” என்றேன். வேறென்ன சொல்வது.

கட்டையை அடுப்பில் வைக்க மனம் வரவில்லை. முட்டுக் கொடுத்த துடுப்போடு செங்கல் மேலேயே விட்டுவிட்டோம்.

பஞ்சு வைத்ததும் பைகளை அவிழ்த்தோம். ஸயாமா நகத்தால் அழுத்தினார். சப்பை. சப்பை. சப்பை. நான் கீழே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் வண்டி ஒன்று போனது. அப்புறம் அவர் கை நின்றது. ஒரு விதையை என் நகத்தடியில் வைத்தார்.

அழுத்தினேன். நகம் உள்ளே போகவில்லை. கல் மாதிரி இருந்தது.

நிறைய இல்லை. கெட்டியாக இருந்ததை மட்டும் பொறுக்கினோம். செங்கல்லை இடித்துச் சலித்து, ஆற்று மணல் கலந்து, நானாவின் கருவாட்டுத் தட்டு ஒன்றைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவி அதில் விதைத்தோம். சாணி போடவில்லை. தண்ணீர் கொஞ்சமாகத்தான். மாடிச் சுவரோரம், மழைக்குத் தகரம், காலை வெயில் படுகிற இடம்.

பல நாள் ஒன்றும் இல்லை. நான் போவதை நிறுத்திவிட்டேன். பார்க்கப் பார்க்க முளைக்காது என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணினார்.

ஒரு நாள் நானா கடைப் பையன் ஓடிவந்தான். வீட்டம்மா கையோடு கூட்டிவரச் சொன்னாராம்.

எல்லாரும் போனோம். அன்றைக்குப் பயாவில் நின்ற பேர்தான், பெரியவர் மட்டும் இல்லை. தட்டில் செங்கல் தூள் சிவப்பாக இருந்தது. அதன்மேல் பச்சையாக, பொட்டு மாதிரி, இரண்டிரண்டு இலை. இலை ஓரம் வழவழப்பாக வருமா பல்லாக வருமா என்று தெரிய இன்னும் நாளாகும் என்றார் ஸயாமா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எண்ணு” என்று மா தின்னிடம் சொன்னேன்.

அவள் தட்டுக்கு முன்னால் மண்டி போட்டாள். விரல் படாமல், ஒவ்வொன்றுக்கும் மேலே நீட்டி, பர்மியத்தில் எண்ணினாள். நம்பாமல் மறுபடி எண்ணினாள், இந்தத் தரம் தமிழில்.

“எவ்வளவு?” என்றார் நானா.

பதினேழு.